பெல்ட்டில் ஒரு சாக்பீஸ் கோடு

அச்சகத்திலிருந்து உருளைகள் இரண்டும் திரும்பி வந்த அன்று பட்டறையில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அரைநூலாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வண்டிக்காரர் சாக்கில் சுற்றிய உருளைகளை மேசைமேல் இறக்கிவிட்டு, அச்சில் கோடு கோடாக விழுகிறதாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை சாக்கை விலக்கினார். நகத்தால் ஒருமுறை நீளவாக்கில் வருடிப் பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல் சாக்கை மூடி ஓரத்தைச் செருகிவிட்டு, துளை போடும் மெஷின் பக்கம் போய்விட்டார்.

அரைநூலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைப் பட்டறைகளில் நூல் என்பார்கள். யாரோ ஒருவர் எப்போதோ "அரை நூல்தானே, விடுங்க" என்று சொல்லப்போக, இவர் அந்த மனிதரைக் கால்மணி நேரம் நிற்கவைத்து அரை நூலின் அருமையை விளக்கியிருக்கிறார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கேலிக்கு வைத்ததுதான். இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பட்டறை அவருடைய தங்கை புருஷனான மாப்பிள்ளைக்குச் சொந்தம். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன சிமெண்ட் தரை, தெருவைப் பார்த்த இழுகதவு. இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத் ஒன்று, ஒரு துளை மெஷின், இரும்பு அறுக்கிற ரம்பம் ஒன்று. முன்னால் இருக்கும் சின்ன அறையில் தங்கை உட்கார்ந்து, வருகிற வேலைகளுக்குச் சீட்டு எழுதுவாள். லேத்துக்கு முன்னால், நாளெல்லாம் நிற்கிற கால் வலிக்காமல் இருக்க ஒரு மரப்பலகை கிடக்கும். அந்தப் பலகைமேல் இருபது வருஷமாக வேறு கால் பட்டதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனாலும் நடந்து வந்தது. மாப்பிள்ளைக்கே லேத்தில் ஏதாவது கடைய வேண்டுமென்றால் அளவைச் சீட்டில் எழுதி, பலகைக்கு வெளியே நின்றபடி எட்டி வைத்துவிட்டுப் போவார்.

மாப்பிள்ளை வயதில் ஏழு வருஷம் சின்னவர். இருந்தாலும் தங்கையைக் கட்டியவர், அதனால் வாங்க போங்க என்றுதான் பேச்சு. அவரும் மச்சானை ஒரு நாள் ஒரு பொழுது மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இப்படிப்பட்ட மரியாதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல விஷயத்தை இருவரும் நேருக்கு நேர் சொல்லிக்கொள்வார்கள். மனசுக்குக் கஷ்டமான விஷயம் என்றால் தங்கை வழியாகத்தான் போகும், வரும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால் பெட்டியா என்று அவள் பலமுறை கேட்டாகிவிட்டது. தபால் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தபால் வந்தது. தங்கை லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று எங்கெங்கோ சுற்றினாள். நாற்பது நாள் காய்ச்சலில் படுத்த உடம்பு, எழுந்து வந்து பத்து நாள்தானே ஆகிறது என்றாள். ரம்பத்துக்குப் பக்கத்தில் என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்றாள். பக்கத்துத் தெருவில் லேத் ஓட்டுகிற ஆள் ஒருவர் சும்மாதான் இருக்கிறார், திங்கட்கிழமை வரச்சொன்னால் வருவார் என்று சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தாள்.

அரைநூலார் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, கை நடுங்குதாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்னு சொன்னாரு."

அவர் துணியை விரித்து மறுபடி மடித்தார். உலோகத்தைச் சீவுகிற டூலின் முனையைச் சாணை பிடிக்கிற கிரைண்டரில் கையால் பிடித்துத்தான் தீட்ட வேண்டும். கை நடுங்கினால் முனை கோணும். முனை கோணினால் உருளையில் அலை அலையாக விழும். மாப்பிள்ளையின் கணக்கு அதுதான். தப்பான கணக்கு என்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் கை நடுங்கியது உண்மை. காய்ச்சல் விட்டதிலிருந்து வலது கையில் ஒரு மெல்லிய உதறல், தந்திக் கம்பியில் காற்றுப் பட்டதுபோல. சட்டைப் பொத்தான் போடும்போது தெரியும். எதையாவது உயர்த்திப் பிடித்தால் தெரியும். வீட்டுக்காரி இப்போதெல்லாம் டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றித் தருகிறாள். முதல் இரண்டு நாள் பால் தட்டுப்பாடு என்று நினைத்தார். மூன்றாம் நாள் அவள் தனக்கு மட்டும் நிறைய ஊற்றிக்கொள்வதைப் பார்த்தார். குடித்து முடித்ததும் இன்னொரு பாதி ஊற்றுவாள்.

தங்கை போன பிறகு ஒரு உருளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நகம் தட்டுகிற மாதிரி அலை இருக்கத்தான் செய்தது. அதை எத்தனை நேரம் பார்த்திருப்பார் என்று தெரியாது. ஒரு பீடி பற்றவைத்து அது தானாக அணைந்திருந்தது.

அலை நேராக இல்லை. அதுதான் அவரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. உருளையைப் பிடித்துச் சுற்றுகிற தண்டில் கோளாறு என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் ஒரு தட்டு விழும். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து உருளை நெடுக நேர்கோடாகப் போகும். இங்கே கோடு சாய்ந்து சாய்ந்து, முறுக்கின கயிறுபோல் உருளையைச் சுற்றிக்கொண்டு போனது. அப்படியென்றால் எதுவோ ஒன்று சுற்றுகிறது, சுற்றும்போது தட்டுகிறது, ஆனால் தண்டோடு சேர்ந்து கால் எடுத்து வைக்காமல் தனிக் கணக்கில் சுற்றுகிறது. நடுங்குகிற கைக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது?

இப்படி நினைத்ததும் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அதன்மேல் சந்தேகமும் வந்தது. தன் பலகை போகப்போகிறது என்று தெரிந்தவன் கண்ணுக்கு, வேண்டியதுதானே தெரியும்.

மறுநாள் காலையில் அவர் தங்கையைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை தன் கையால் ஒரு டூல் தீட்டித் தர முடியுமா என்று கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை ஆறடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. தங்கை முறைப்படி நடந்து போய் அதையே ஒருமுறை சொல்ல, அவர் முறைப்படி தலையாட்டினார். தீட்டினார். அவசரப்படாமல், முனையைக் குளிர்த்திக் குளிர்த்தி, நன்றாகவே தீட்டினார். அரைநூலார் அதை மாட்டி, ஒரு துண்டு இரும்புத் தடியைப் போட்டு, டூல் தானாக நகர்கிற பிடியைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தடி கடைந்து முடிந்தது. எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

அதே முறுக்குக் கயிறு.

மாப்பிள்ளை தடியை உருட்டி உருட்டிப் பார்த்தார். துளை மெஷினை நிறுத்தினார். பிறகு லேத் பக்கம் வந்து, பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்.

"அப்போ மெஷின்லதான் எங்கேயோ இருக்கு மச்சான்."

நேராகச் சொன்ன வார்த்தை. முன்னறையில் தங்கையின் பேனா நின்றது.

ஆனால் மெஷினில் என்றால் எங்கே? அரைநூலார் தரையிலிருந்து ஆரம்பித்தார். சீட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து லேத்தின் கால்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் நுழைத்துப் பார்த்தார். மூன்று கால்கள் தாளை உள்ளே விடவில்லை. பின்பக்க இடது காலுக்கு அடியில் தாள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று காலில் நிற்கிற நாற்காலியில் உட்கார்ந்து யார் நிம்மதியாக வேலை பார்க்க முடியும்! மெல்லிய தகட்டை வெட்டிச் செருகி, போல்ட்டை முறுக்கினார்கள். கையோடு கையாக, டூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் உள்ளே தள்ளிக் குறைத்தார். நீளக் குச்சி நடுங்கும், குட்டைக் குச்சி நடுங்காது.

தங்கையிடம் டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டார். விளிம்பு தளும்ப ஊற்றிக்கொண்டு வந்தாள். அதை லேத்தின் தலைமேல், தண்டு சுற்றுகிற பெட்டிக்கு நேர்மேலே வைக்கச் சொன்னார். தாமே வாங்கி வைக்கவில்லை. மோட்டாரைப் போட்டதும் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடியது. முன்னைவிடக் குறைவு என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. ஆனால் போகவில்லை. பொடி நடுக்கம் அடங்கிப்போய், அதுவரை அதற்குள் மறைந்திருந்த ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. தட். தட். தட். நெஞ்சில் கைவைத்தால் தெரிகிற மாதிரி.

பெல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றினார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் சுற்றியது. அடியில் தடி கொடுத்து நெம்பிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. இந்தப் பக்கம் மோட்டார் நல்லது. அந்தப் பக்கம் தண்டு நல்லது. நடுவில் இரண்டையும் கட்டிவைத்திருப்பது இரண்டு பெல்ட்.

பெல்ட் போன வருஷம் மாற்றியதுதானே என்று மாப்பிள்ளை சொன்னார். வெடிப்பு இல்லை, நார் பிரியவில்லை. பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருந்தது. அரைநூலார் இரண்டின் குறுக்கேயும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இரண்டு கோடும் அருகருகே வரும்படி மாட்டி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் ஓடவிட்டார்.

"நீங்க கோட்டப் பாருங்க. முன்னாடி வர்றப்போ வந்துச்சுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு லேத்தின் தலைமேல் விரலை வைத்தார். தட்டு விரலுக்கு வரும்போதெல்லாம் ம் என்றார். மாப்பிள்ளை குனிந்து கோட்டைப் பார்த்து வந்துச்சு என்றார். வந்துச்சு, ம். வந்துச்சு, ம். ஆரம்பத்தில் இரண்டு பேரும் முன்னே பின்னே தடுமாறினார்கள். அப்புறம் சீராகிவிட்டது. கோடு வந்து ஒரு மூச்சுக்குள் தட்டு. ஒவ்வொரு முறையும் அதே ஒரு மூச்சு. தங்கை வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பேசிப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். பேசினது என்னவோ இரண்டே வார்த்தை.

பெல்ட்டுகளைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்றாகத் தெரிந்தது. நல்ல பெல்ட்டை ஆணியில் மாட்டினால் தொளதொளவென்று ஒரே வளையமாகத் தொங்கும். இவை அப்படித் தொங்கவில்லை. ஒரு முனையில் சின்னச் சக்கரத்தின் வளைவும் இன்னொரு முனையில் பெரிய சக்கரத்தின் வளைவும் அப்படியே பதிந்து நின்றன, கழற்றிப்போட்ட செருப்பில் காலின் தடம் தெரிவதுபோல. சின்ன வளைவு இருந்த இடத்தில் பெல்ட் விறைத்துக் கெட்டியாகக் கிடந்தது. ஓடும்போது அந்த விறைப்பு சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு.

"ஓடாம ஒரே இடத்துல நின்னா இப்படி ஆகுமா?" என்று தங்கை கேட்டாள்.

சும்மா நின்றால் இவ்வளவு ஆகாது என்று அரைநூலார் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இழுத்துக் கட்டி, தகரக் கூரைச் சூட்டில் நாற்பது நாள் நிறுத்தியிருக்க வேண்டும். இழுத்துக் கட்டியது யார் என்று அவருக்குத் தெரியும்.

காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த முதல் நாள் லேத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தார்ப்பாய் போர்த்தி, எண்ணெய் போட்டு, ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தார் மாப்பிள்ளை. பெல்ட்டையும் இவர் படுத்த வாரத்திலேயே நெம்புகோல் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார், நோயிலிருந்து வருகிற மனிதர் வந்ததும் வராததுமாகப் பெல்ட் நழுவுகிறதே என்று அல்லாடக் கூடாதே என்று. விரலால் சுண்டினால் வீணைக் கம்பிபோல் ஒலித்தது. இது ரொம்ப அதிகம் என்று அப்போதே அவருக்குத் தெரியும். ஸ்பானரை எடுக்கக் கையும் நீட்டினார். ஆனால் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, பலகாரம் செய்து வைத்தவர் ருசி கேட்பதற்காக நிற்பதுபோல், முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசையாகக் கட்டியதை அவர் கண்முன்னால் அவிழ்ப்பதா! நல்லா இருக்கு மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். பிறகு அதைத் தளர்த்தினால் அன்று சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்று, அப்படியே ஓட்டினார். சூடேறினால் சரியாகிவிடும் என்று பத்து நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஆணியில் தொங்கிய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது ஓரம் சிவந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"கட்டினது நான்தான்," என்றார்.

"தளர்த்தாம விட்டது நான். பாத்தன்னைக்கே தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

அரைநூலார் விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டினார். தங்கைதான் சிரித்துவிட்டாள். சொல்லியிருந்தால் தபால் செலவு மிச்சம் என்றாள்.

புதுப் பெல்ட் வாங்க மாப்பிள்ளையே போனார். ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா, மற்றது அவ்வளவு மோசம் இல்லையே என்று கிளம்பும்போது கேட்டார். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் புதுசுதான் எல்லாப் பாரத்தையும் இழுக்கும், பழசு கூட ஓடுகிற மாதிரி நடிக்கும், இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே நீளத்தில் வேண்டும் என்று இவர் சொல்லி அனுப்பினார். வந்ததும் இரண்டு சக்கரமும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். மோட்டார் பக்கம் கொஞ்சம் விலகியிருந்தது, தட்டி நேராக்கினார்கள். பெல்ட்டை மாட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் நாலு நூல் இறங்கவேண்டும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது என்றார்.

"நாலு நூலா, நாலரை நூலா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு.

"நாலு," என்றார் அரைநூலார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மோட்டாரைப் போட்டார்கள். டம்ளர் தண்ணீர் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது, தளும்பத் தளும்ப. லேத் முழு வேகத்தில் ஓடியது. தண்ணீரில் ஒரு சுருக்கம் விழவில்லை. கூரையில் இருந்த ஓட்டை வழியாக வந்த வெயில் வட்டம் அதில் அசையாமல் கிடந்தது. அச்சக உருளையைப் போட்டு மெல்லிசாக ஒரு சீவல் எடுத்து, மோட்டாரை நிறுத்திக் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை நகத்தால் வருடினார். நகம் தட்டவில்லை. இன்னொரு முறை வருடினார், நம்பாததால் அல்ல, சுகமாக இருந்ததால்.

மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. மச்சான்மேல் சந்தேகப்பட்டதற்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்திருக்கும். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட நீங்கள் குடிக்கவில்லையே என்று சொல்லி டம்ளரைக் காட்டினார்.

"எடுத்துக் குடிங்க மச்சான்."

அரைநூலார் டம்ளரைப் பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர். அதை அங்கேயே விட்டுவிடலாம். தாகம் இல்லை என்று சொல்லலாம். இரண்டு கையாலும் பிடிக்கலாம். குற்றம் பெல்ட்டுடையது என்று மூன்று பேரும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இனி யாரும் கையைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசினாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து, உருளைக்கு அளவு தப்பி, அது வேறு எங்கோ போய் முட்டிய பிறகுதான் பேசுவார்கள். அதுவும் தங்கை வழியாக. நல்லா இருக்கு என்று ஒருமுறை சொன்ன பொய் நாற்பது நாள் சூட்டோடு சேர்ந்து எப்படி விறைத்து நின்றது என்பதை இப்போதுதான் ஆணியில் மாட்டிப் பார்த்திருக்கிறார்.

வலது கையால் டம்ளரை எடுத்தார். மாப்பிள்ளை பார்க்கும்படி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் நடுங்கியது. வளையம் வளையமாக ஓடி, விளிம்பைத் தாண்டி விரல்மேல் வழிந்து, லேத்தின்மேல் சொட்டியது. மாப்பிள்ளை சட்டென்று துணியை எடுத்து இரும்பில் விழுந்த தண்ணீரைத் துடைத்தார். துரு பிடிக்கக் கூடாதே என்கிற பட்டறைக்காரன் கை அது. மனசு இன்னும் டம்ளரிலேயே இருந்தது.

"நீங்க பாத்தது பொய்யில்ல மாப்பிள்ளை," என்றார் அரைநூலார். "காய்ச்சல்லேர்ந்து இருக்கு. டூல நகர்த்துற பிடிக்கு இது தெரியாது, திருகு பாத்துக்கும். தீட்டுறதுக்கும் அளக்குறதுக்கும்தான் பயமா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு மீதித் தண்ணீரைக் குடித்தார். முகவாயில் கொஞ்சம் வழிந்தது. துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை துணியை மடித்து வைத்தார். முன்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பினார், பழக்க தோஷம். தங்கை கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். அவர் திரும்பவும் மச்சானைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை அந்த ஆளு வர வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார். கூடவே, "அதே திங்கக்கிழமை நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம். நீங்க வரமாட்டேன்னு சொன்னாலும் நான் வண்டிய எடுத்துட்டு வாசல்ல நிப்பேன்."

"அளக்குறது?"

"நான் அளக்குறேன். ஓட்டுறது நீங்க."

எனக்கு வேலை போச்சு என்று சொல்லிக்கொண்டு தங்கை உள்ளே போனாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது உருளை இன்னும் சாக்கில் கிடந்தது. வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடலாம் என்று அரைநூலார் அதைத் தூக்கி மாட்டினார். மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார். மாப்பிள்ளை மைக்ரோமீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் பலகைக்கு ஒரு சாண் முன்னால், வழக்கமாக நிற்கிற இடத்தில், நின்றுவிட்டார். அங்கிருந்து உருளைக்குக் கை எட்டாது. எட்டி எட்டிப் பார்த்தார்.

அரைநூலார் பலகையில் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ஏறி நில்லுங்க," என்றார். "அங்கேருந்து அளந்தா அரை நூல் தப்பும்."